பழைய பார லொறிகளும் டிரெய்லர்களும்: பின்னால் அமர்ந்து சில்லுகளைத் திருப்பியவர்களைப் பற்றி

முகத்துவாரக்காரன் எழுதியது:

பழைய பார லொறிகளைப் பற்றி நாம் எப்போது பேசத் தொடங்கினாலும் பேச்சு என்ஜினில் ஆரம்பித்து என்ஜினிலேயே முடிந்துவிடுகிறது. எத்தனை குதிரை வலு, எத்தனை கியர், எந்த நாட்டுத் தயாரிப்பு என்று எல்லாவற்றையும் ஆர்வத்தோடு பேசுகிறோம். ஆனால் சுமையைத் தன் மேல் ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு பாலத்திலும் வளைவிலும் அந்தப் பாரத்தை வீதியின் மேல் பகிர்ந்து வைத்த டிரெய்லரைப் பற்றி யாரும் இரண்டு வரி எழுதக் காணவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன். எனக்கு இதில் சொந்தக் காரணமும் உண்டு. என் அப்பா லொறி ஓட்டியவர் அல்லர். டிரெய்லரின் பின்பக்கத்தில் ஓர் இரும்பு ஆசனத்தில் அமர்ந்து பின்சில்லுகளைத் திருப்பியவர்.

கொழும்பு கிராண்ட்பாஸில் இருந்த ஒரு தனியார் போக்குவரத்துக் கம்பனியில் அவர் பதினொரு ஆண்டுகள் இந்த வேலையைச் செய்தார். 1961ஆம் ஆண்டில் எனக்கு எட்டு வயது. ஒரு நாள் நள்ளிரவில் அம்மா என்னை எழுப்பி மேல்மாடி ஜன்னலுக்குக் கூட்டிச் சென்றார். துறைமுகத்திலிருந்து ஒரு பெரிய மின்மாற்றி எங்கள் வீதி வழியாகப் புறப்பட்டு வந்துகொண்டிருந்தது. அக்காலத்தில் வீதிக்கு மேலே டிரொலி பஸ்களுக்கான கம்பிகள் கட்டப்பட்டிருந்தன. கடைசி பஸ் திரும்பி, மின்சாரம் நிறுத்தப்பட்ட பிறகுதான் பயணம் தொடங்கியது. இரண்டு பேர் மின்மாற்றியின் மேலே நின்று, கவைக்கம்புகளால் கம்பியை ஏந்தி ஏந்திப் பின்னால் விட்டுக்கொண்டே வந்தார்கள். முன்னால் நீண்ட மூக்குள்ள ஒரு லொறி உறுமிக்கொண்டு போனது. என் கண் அதில் நிற்கவில்லை. வரிசையின் கடைசியில், ஓர் அரிக்கேன் விளக்கின் வெளிச்சத்தில், அப்பா இரண்டு கைகளாலும் ஒரு பெரிய ஸ்டியரிங் வட்டை இழுத்து இழுத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் மேலே திரும்பிப் பார்க்கவேயில்லை. பார்த்திருக்கவும் முடியாது என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே புரிந்தது.

அந்த லொறியின் பெயர் எனக்குத் தெரியாது. பின்னால் இரண்டு அச்சுகள், சாரதி அறைக்குப் பின்னால் கம்பி வடத்தைச் சுற்றி இழுக்கும் ஒரு பெரிய வின்ச், அதற்கும் பின்னால் இரும்புக் கட்டிகள் நிரப்பிய ஒரு பெட்டி இருந்தன. அறையின் கூரை கன்வஸ் துணியால் ஆனது. போர் முடிந்தபோது இராணுவத்திடமிருந்து வாங்கியது என்று அப்பா சொல்வார். விபரம் தெரிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

---

வட்ஃபோர்ட்_வாசி எழுதியது:

ஐயா, நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து, முப்பது ஆண்டுகளாக இங்கிலாந்தின் வட்ஃபோர்ட் நகரில் வாழ்பவன். ஸ்கமல் லொறிகள் பிறந்த ஊர் இதுதான். 1922இல் ஆரம்பித்த அந்தத் தொழிற்சாலை 1988இல் மூடப்பட்டது. நான் வாடகைக்கு இருந்த வீட்டின் உரிமையாளர் அங்கே பொருத்துநராக வேலை செய்தவர். ஆகையால் எந்தப் பழைய பார லொறியைப் பற்றிக் கேட்டாலும் என் மனம் முதலில் ஸ்கமலுக்கே போகும்.

நீங்கள் சொல்வது ஸ்கமல் பயனியராக இருக்கலாம் என்று நினைக்கிறேன். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய இராணுவம் டாங்கிகளை (பீரங்கி வண்டிகளை) ஏற்றிச் செல்லப் பயன்படுத்திய வகை அது. அதில் கார்ட்னர் 6எல்டபிள்யூ என்ற ஆறு சிலிண்டர் டீசல் என்ஜின் பூட்டியிருந்தார்கள். அதன் வலு 102 குதிரை மட்டுமே. இன்று ஒரு சாதாரணக் காருக்கே அதைவிட அதிக வலு உண்டு. ஆயினும் அந்த லொறி 30 தொன் டாங்கியைப் பாலைவன மணலில் இழுத்தது.

உங்கள் அப்பாவின் வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1929இல் ஸ்கமல் நிறுவனம் 100 தொன் சுமக்கும் ஊர்தியைக் கட்டியது. மொத்தம் இரண்டுதான் கட்டினார்கள். ரயில் என்ஜின்களைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோவது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. அதிலும் டிரெய்லரின் பின்பகுதியில் தனியாக ஒருவர் அமர்ந்து பின்சில்லுகளைத் திருப்பினார். சாரதியும் அவரும் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. ஆனால் ஒருவர் இல்லாமல் மற்றவர் ஒரு தெருமுனையைக்கூடத் திரும்ப முடியாது. அப்பா செய்தது அந்த மரபில் வந்த வேலை.

---

லேத்_பட்டறை எழுதியது:

வட்ஃபோர்ட் தம்பி சொன்ன வரலாறு சரி. ஆனால் லொறி அதுவல்ல. நான் பஞ்சிகாவத்தையில் நாற்பது ஆண்டுகளாக லேத் வைத்திருப்பவன். என் வாப்பாவின் காலத்திலிருந்தே பழைய லொறிகளுக்கு வெண்கலப் புஷ்களும் பின்களும் கடைந்து கொடுத்து வருகிறோம். ஐயா தந்த அடையாளங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

டாங்கி ஏற்றிய பயனியருக்கு டிரெய்லர் நிரந்தரமாகப் பூட்டியிருக்கும்; அதாவது டிரெய்லரின் முன்பாரம் லொறியின் முதுகிலேயே உட்காரும். அங்கே இரும்புக் கட்டிகள் நிரப்பிய பெட்டிக்கு இடமும் இல்லை, தேவையும் இல்லை. பெட்டியில் எடை ஏற்றிக்கொண்டு, நீண்ட தண்டினால் தனி டிரெய்லரை இழுப்பது வேறு வகை. வின்ச், பெட்டி, இரண்டு பின்னச்சு, நீண்ட மூக்கு, கன்வஸ் கூரை ஆகிய ஐந்தும் சேர்ந்தால் அது அமெரிக்காவின் சிக்காகோவில் செய்யப்பட்ட டயமண்ட் டி 980 அல்லது 981. முதலில் வந்தவற்றுக்கு மூடிய அறை இருந்தது. 1943இலிருந்து வந்தவற்றுக்கே திறந்த அறையும் கன்வஸ் கூரையும் கொடுத்தார்கள்.

அதன் என்ஜின் ஹெர்குலிஸ் டீசல், 14.7 லீற்றர், 185 குதிரை வலு. நான்கு கியர் கொண்ட பெட்டிக்குப் பின்னால் மூன்று கியர் கொண்ட இன்னொரு பெட்டி. ஆக 12 கியர். முழு வேகத்தில் விட்டாலும் மணிக்கு 37 கிலோமீற்றரைத் தாண்டாது. ஏற்றத்தின் நடுவில் கியர் மாற்ற நினைப்பவன் அந்த லொறிக்குச் சாரதி அல்லன். அடிவாரத்திலேயே எந்தக் கியர் என்று முடிவு செய்துவிட வேண்டும். தப்பினால் நிறுத்தி, கிளீனர் ஓடிவந்து சில்லுக்குக் கட்டை வைத்து, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். டிரெய்லரை நாம் மறந்தோம் என்பது உண்மை. அதற்காக இழுத்த வண்டியின் பங்கைக் குறைக்கக் கூடாது. ஏறும்போது டிரெய்லர் பெரியது என்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். இறங்கும்போது அத்தனை உயிர்களும் முன் வண்டியின் கியரை நம்பித்தான் இருந்தன.

---

புறக்கோட்டைப்_பையன் எழுதியது:

பெரியவர்கள் பேசும் இடத்தில் சிறிய வண்டியைப் பற்றி எழுதலாமா என்று தயங்கினேன். எங்கள் மொத்த வியாபாரக் கடைக்கு அரிசி மூட்டை கொண்டுவந்தது ஒரு பெட்ஃபோர்ட் ஓஎஸ்எஸ். அதன் டிரெய்லரை ஸ்கமல் முறையில் பூட்டுவார்கள். லொறியைப் பின்னால் கொண்டுபோய் முட்டினால் போதும், தானாகவே பூட்டிக்கொண்டு டிரெய்லரின் முன்கால்கள் மேலே மடியும். கடை வாசலில் டிரெய்லரை விட்டுவிட்டு, அதே லொறி அடுத்த டிரெய்லரை எடுக்கத் துறைமுகத்துக்குப் போய்விடும். எட்டுத் தொன் சுமைதான். ஆனால் கொழும்பின் ஒடுங்கிய தெருக்களில் அந்த முறை மிச்சப்படுத்திய நேரத்தை நான் என் கண்ணால் பார்த்தேன்.

---

ஓய்வுபெற்ற_மின்பொறியாளர் எழுதியது:

இந்த இழையை இரண்டு நாட்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் மலைநாட்டு நீர்மின் நிலையங்களில் பணிபுரிந்தவன். இறக்கம் பற்றி லேத் பட்டறை நண்பர் சொன்னதைக் கணக்காலும் காட்ட விரும்புகிறேன்.

லொறி, டிரெய்லர், சுமை எல்லாம் சேர்ந்து 60 தொன் என்று வைத்துக்கொள்வோம். பத்து மீற்றருக்கு ஒரு மீற்றர் உயரும் ஏற்றத்தில், புவியீர்ப்பை வெல்வதற்கு மட்டும் 6 தொன் இழுவை வேண்டும். சில்லுகளின் உருளல் தடைக்குச் சுமார் ஒரு தொன் சேர்த்துக்கொள்ளுங்கள். 185 குதிரை வலுவில் ஐந்தில் ஒரு பங்கு கியர்களில் கரைந்துபோகும் என்று கொண்டால், மிஞ்சிய வலுவால் அந்த ஏற்றத்தில் மணிக்கு 6 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவாகத்தான் போக முடியும். அது மனிதன் விரைந்து நடக்கும் வேகம். கட்டை வைப்பவர்கள் பக்கத்தில் நடந்தே வந்ததற்கு இதுதான் காரணம். அந்த 7 தொன் இழுவையையும் சில்லு வழுக்காமல் வீதியில் பதிக்க, உலர்ந்த வீதியில்கூட என்ஜின் சுழற்றும் சில்லுகளின் மேல் பத்துத் தொன்னுக்குக் குறையாத எடை இருக்க வேண்டும். மழை பெய்தால் அதுவும் போதாது. இரும்புக் கட்டிகளின் பெட்டி அதற்காகவே.

இனி இறக்கம். நீர்மின் நிலையம் எப்போதும் பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும். நீர் விழுந்தால்தானே மின்சாரம். ஆகவே எத்தனை மலை ஏறினாலும் கடைசிப் பகுதி பெரும்பாலும் இறக்கமே. 60 தொன் எடை 100 மீற்றர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, 200 லீற்றர் தண்ணீரை, அதாவது ஒரு முழு எண்ணெய் பீப்பாத் தண்ணீரை, நம் நாட்டுச் சாதாரண வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அவ்வளவு வெப்பமும் எங்காவது போக வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பினால் அது பிரேக் டிரம்மிலேயே தங்கி, லைனிங்கைக் கருக்கி, கடைசியில் பிடிப்பே இல்லாமல் போகும். ஏறிய அதே கியரில், அல்லது அதற்கும் கீழான கியரில் இறங்க வேண்டும் என்பதும், நூறு இருநூறு மீற்றருக்கு ஒருமுறை நிறுத்தி டிரம்மைத் தொடாமல் கையை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதும் அந்த மனிதர்கள் படிக்காமலே அறிந்த பௌதிகவியல்.

மின்மாற்றியின் பக்கத்திலிருந்தும் ஒரு விடயம். எடையைக் குறைக்க அதன் எண்ணெயை வடித்துவிட்டு, ஈரம் புகாதபடி உலர்ந்த நைதரசனையோ உலர்ந்த காற்றையோ நிரப்பித்தான் அனுப்புவார்கள். உள்ளே இருக்கும் சுருள்கள் வெளியே தெரியாமல் அசைந்துவிட்டால், மின்சாரம் கொடுக்கும் நாளில்தான் சேதம் தெரியவரும். அதற்காக அதிர்ச்சியைப் பதிவு செய்யும் ஒரு கருவியைப் பொருத்தி அனுப்பும் வழக்கம் உண்டு. ஒருமுறை அப்படி வந்த ஒரு மின்மாற்றியின் பதிவுத் தாளை நான் விரித்துப் பார்த்தேன். கப்பலில் நிறையக் கோடுகள் எகிறியிருந்தன. கொழும்பிலிருந்து மலை வரையான பகுதியில் கோடு ஏறத்தாழ நேராக இருந்தது. அன்று அந்தக் குழுவினரைத் தேடிச் சென்று நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வேலை நெருக்கடியில் சொல்லவில்லை. அது இன்றும் மனதில் இருக்கிறது.

---

யட்டியாந்தோட்டை_மகள் எழுதியது:

எங்கள் வீடு அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்குப் போகும் வீதியோரத்தில் இருந்தது. இப்படியொரு வண்டி எங்கள் ஊருக்கு வந்தபோது பள்ளிக்கூடத்தில் எங்களை வெளியே விட்டு, மதிலோரமாக வரிசையில் நிறுத்திப் பார்க்க வைத்தார்கள். பாலத்தை அது கடந்த விதத்தை மட்டும் எழுதுகிறேன். வண்டி பாலத்துக்கு முன்னால் நின்றது. டிரெய்லரைக் கழற்றி, சில்லுகளுக்குக் கட்டை வைத்தார்கள். லொறி மட்டும் தனியாகப் பாலத்தைக் கடந்து, அப்பால் போய் நின்று, வின்ச்சின் கம்பி வடத்தை நீட்டியது. பிறகு டிரெய்லரை அந்த வடத்தால் அங்குலம் அங்குலமாக இழுத்தார்கள். பாலத்தின் நடுக்கோட்டை விட்டு அது ஓர் அடிகூட விலகவில்லை. எங்கள் ஆசிரியையும் வாய் திறக்காமல் நின்றார். ஏன் கழற்றினார்கள் என்று அப்போது விளங்கவில்லை.

---

ஓய்வுபெற்ற_மின்பொறியாளர் எழுதியது:

மகளே, இரண்டு பாரமும் ஒரே நேரத்தில் பாலத்தின் மேல் இருக்கக் கூடாது என்பதற்காகவே. பாலத்தின் மேல் கியர் மாற்றவோ பிரேக் பிடிக்கவோ கூடாது என்பதும் அதே விதியின் மறுபக்கம். திடீரென்று நிறுத்தினால் ஒரு அச்சின் எடை இன்னொரு அச்சுக்குத் தாவும். நீங்கள் பார்த்தது மிகச் சரியாகச் செய்யப்பட்ட வேலை.

---

லேத்_பட்டறை எழுதியது:

முகத்துவாரம் ஐயாவிடம் ஒரு கேள்வி உண்டு. இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். டயமண்ட் டியோடு போரில் இணைந்து வந்தது ரோஜர்ஸ் என்ற அமெரிக்க டிரெய்லர், 45 தொன் சுமப்பது. அதற்கு 24 சில்லுகள்; முன்னால் ஒரு வரிசையில் எட்டு, பின்னால் இரண்டு வரிசைகளில் பதினாறு. முன்வரிசை இழுவைத் தண்டோடு சேர்ந்து திரும்பும், பின்வரிசைகள் திரும்பாது. அதன் பின்பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து வட்டைச் சுற்றுவதற்கு ஒன்றுமேயில்லை. அப்படியானால் உங்கள் அப்பா உட்கார்ந்திருந்தது எந்த டிரெய்லரில்?

---

முகத்துவாரக்காரன் எழுதியது:

இந்தக் கேள்வி என்னை ஒரு வாரம் தூங்கவிடவில்லை. நான் கண்டது கனவோ என்றுகூட நினைக்கத் தொடங்கினேன். என் சின்னம்மாவுக்கு இப்போது 88 வயது, வத்தளையில் இருக்கிறார். அவரிடம் போய்க் கேட்டேன். அப்பாவின் வலது தோள் இடது தோளைவிடத் தடித்திருந்தது என்றும், வட்டைச் சுற்றிச் சுற்றித்தான் அப்படி ஆனது என்றும், ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் அம்மா நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிடுவார் என்றும் அவர் சொன்னார். ஆகவே வட்டு இருந்தது உண்மை.

பிறகு அவர் ஒரு தகரப் பெட்டியிலிருந்து ஒரு படத்தை எடுத்துத் தந்தார். கம்பனி முற்றத்தில் ஒன்பது பேர் நிற்கிறார்கள். லொறி படத்தில் பாதிதான் விழுந்திருக்கிறது. ஆனால் டிரெய்லர் முழுவதும் தெரிகிறது. கண்ணாடி வைத்து எண்ணினேன். ஒரு பக்கத்தில் முன்னால் இரண்டு அச்சுகள், நடுவில் தாழ்ந்த நீளமான படுக்கை, பின்னால் இரண்டு அச்சுகள். கடைசியில் ஓர் ஆசனமும், படுத்த நிலையில் ஒரு பெரிய வட்டும். அப்பா அந்த வட்டின் மேல் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். மற்ற எட்டுப் பேரும் லொறியின் பக்கம் நெருங்கி நிற்கிறார்கள்.

---

வட்ஃபோர்ட்_வாசி எழுதியது:

ஐயா, படத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். முதலில் என் தவறை ஒப்புக்கொள்கிறேன். பாதி தெரியும் அந்த மூக்கும் முன் மட்காட்டும் டயமண்ட் டியினுடையவைதான், பயனியர் அல்ல. ஆனால் டிரெய்லர் அமெரிக்கத் தயாரிப்பு மாதிரி இல்லை. முன்னும் பின்னும் திரும்பும் அச்சுக் கூட்டங்கள், நடுவில் தாழ்ந்த படுக்கை, பின்னால் ஆசனம் என்பது போருக்கு முன்பிருந்தே இங்கே பாரப் போக்குவரத்தில் பழகிய அமைப்பு. போருக்குப் பிறகு இங்கிலாந்தின் பெரிய போக்குவரத்துக் கம்பனிகளும், பிக்ஃபோர்ட்ஸ், வின்ஸ் உட்பட, இராணுவம் விற்ற டயமண்ட் டி வண்டிகளை வாங்கி இப்படிப்பட்ட டிரெய்லர்களை இழுக்க வைத்தன. அதே சேர்க்கை கிராண்ட்பாஸ் முற்றத்திலும் நின்றிருக்கிறது.

---

பார_டிரெய்லர்_சாரதி எழுதியது:

நான் இன்று இந்தத் தொழிலில் இருப்பவன். ஐயாவின் அப்பா செய்த வேலை அழிந்துவிடவில்லை என்பதைச் சொல்லவே எழுதுகிறேன். இப்போது நாங்கள் பயன்படுத்தும் டிரெய்லர்களில் ஒவ்வொரு அச்சும் எண்ணெய் அழுத்தத்தால் மேலும் கீழும் அசையும். ஒரு பக்கம் பள்ளம் வந்தால் அந்தப் பக்கத்து அச்சு தானாக நீண்டு, படுக்கையைச் சமமாக வைத்திருக்கும். அச்சுத் தொகுதிகளைத் தேவைக்கேற்ப நீளவாக்கிலும் அகலவாக்கிலும் கூட்டலாம். இருந்தாலும் ஒடுங்கிய வளைவு வந்தால் பின்னால் ஒருவர் நடந்துதான் வர வேண்டும். கழுத்தில் மாட்டிய ரிமோட் பெட்டியில் இரண்டு சிறிய நெம்புகோல்கள் இருக்கும். அவற்றால் பின்னச்சுகளைத் திருப்புவார். மன்னாரில் நிற்கும் காற்றாலைகளின் சுழலிகள் 126 மீற்றர் விட்டமுடையவை. அதில் ஓர் இறக்கை 60 மீற்றரைத் தாண்டும். அத்தகைய இறக்கையின் வால் ஒரு தெருமுனையில் எங்கே போகிறது என்பது முன்னால் இருக்கும் சாரதிக்குத் தெரியவே தெரியாது. பின்னால் நடப்பவர் "நில்" என்றால் நாங்கள் நிற்போம். காரணம் கேட்பதில்லை.

எங்கள் குழுவில் புதிதாக வருபவர்களை முதலில் பின்னால் நடக்கத்தான் விடுகிறார்கள், அது இலகுவான வேலை என்று நினைத்து. நான் அதை ஏற்பதில்லை. மிகவும் பழகிய ஆளே அங்கே இருக்க வேண்டும்.

---

லேத்_பட்டறை எழுதியது:

தம்பியின் கடைசி வரியை நானும் ஏற்கிறேன். முன் வண்டிக்காக நான் பேசியதை மாற்றவில்லை. ஆனால் பின்னால் இருந்தவருக்குச் சம இடம் கொடுக்காமல் இத்தனை ஆண்டுகள் நாங்கள் பேசியது தவறு. வாப்பாவின் கணக்குப் புத்தகத்தைத் தேடிப் பார்த்தேன். 1960களில் கிராண்ட்பாஸ் கம்பனி ஒன்றுக்கு "டிரெய்லர் ஸ்டியரிங் வெண்கலச் சுரை, இரண்டு" என்று கடைந்து கொடுத்த பதிவு இருக்கிறது. வட்டைச் சுற்றும்போது திருகாணியோடு தேய்ந்துபோவது அந்தச் சுரை, அதாவது நட்தான். இரண்டு கேட்டிருக்கிறார்கள் என்றால் ஒன்று உதிரிக்காக இருக்க வேண்டும். எந்தக் கம்பனி என்று எழுதாமல் விட்டிருக்கிறார்.

இன்னொரு செய்தி. பேலியகொடையில் பழைய இரும்பு வாங்கும் ஒருவரிடம் ஒரு டிரெய்லரின் பின் அச்சுக் கூட்டம் பல ஆண்டுகளாகக் கிடக்கிறது. மேலே ஈரப்பலாக் கிளை படர்ந்து, அரைவாசி மண்ணில் புதைந்திருக்கிறது. நேற்றுப் போய்ப் பார்த்தேன். ஆசனம் இல்லை, வட்டும் இல்லை. ஆனால் வட்டு நின்ற தண்டும் அதன் கீழே திருகாணியும் அப்படியே இருக்கின்றன. சுரையின் உள்விட்டத்தை அளந்தேன். வாப்பா எழுதி வைத்த அளவோடு ஒத்துப்போகிறது. அது ஒன்றை மட்டும் வைத்து இதுதான் அது என்று நான் சொல்ல மாட்டேன். அச்சுகளுக்கிடையே உள்ள தூரத்தைப் படத்தோடு ஒப்பிட வேண்டும்.

---

முகத்துவாரக்காரன் எழுதியது:

படத்தில் அப்பாவின் உயரத்தை அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம். அவர் ஐந்து அடி நான்கு அங்குலம். அவருடைய பழைய அடையாள அட்டை என்னிடம் இருக்கிறது. மின்பொறியாளர் ஐயா சம்மதித்தால் அந்தக் கணக்கை அவரே செய்து தர வேண்டும். வரும் போயா தினத்தன்று காலை எட்டு மணிக்கு அளவு நாடாவோடும் கத்தியோடும் நான் பேலியகொடைக்கு வருகிறேன். ஈரப்பலாக் கிளையை முதலில் வெட்ட வேண்டியிருக்கும். சின்னம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு ஒரு கதிரை மட்டும் ஒழுங்கு செய்யுங்கள், நானா.